மோடத்தோடு பேசுகிற மனுஷன்

என் வீட்டுக்காரர் ஜீவராஜ் எங்கள் தோட்டத்துத் தேயிலை பெக்டரியில் எலக்ட்ரீசியன். எல்கடுவப் பக்கம் யாரைக் கேட்டாலும் தங்கமான மனுஷன் என்பார்கள். தங்கம்தான், வாயைத் திறக்காது. அவரிடமிருந்து ஒரு பதிலைப் பிடுங்குவதற்குள் எனக்கு உயிர் போய்விடும். ஆனால் பெக்டரியின் மின் அறையில் ஒரு பழைய மோடம் இருக்கிறது. டெலிபோன் லைன் வழியாகக் கம்பியூட்டரைப் பேச வைக்கிற சின்னப் பெட்டி. அதோடு மட்டும் மணிக்கணக்கில் பேசுவார்.

பேச்சு என்றால் எழுத்தில்தான். திரையில் AT என்று தட்டினால் "இங்கே பார்" என்று கூப்பிட்டதாக அர்த்தமாம். உடனே அது OK என்று பதில் எழுதும். இந்த நம்பருக்கு அடி என்றால் அடிக்கும், வை என்றால் வைக்கும். தப்பாகச் சொன்னால் ERROR, அவ்வளவுதான். "மூஞ்சியத் தூக்கி வச்சுக்காது பாரு" என்று ஒருநாள் என்னிடமே சொன்னார். அன்றைக்கு ராத்திரி அவருக்கு ரொட்டி மட்டும்தான், சம்பல் இல்லை.

அந்தப் பெட்டிக்கு அவர் கொடுத்த வேலை விளையாட்டு வேலை இல்லை. போன மழையில் நாங்கள் வரிசையாகக் குடியிருக்கிற லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. வந்து பார்த்த அதிகாரிகள் எங்களை எழும்பிப் போகச் சொன்னார்கள். எங்கே போவது என்று சொல்லவில்லை. சைரன் ஒன்று கேட்டோம், அது கேட்டது கேட்டபடியே கிடக்கிறது. இவர் பொறுத்துப் பார்த்துவிட்டு, வெடிப்பின் இரண்டு பக்கமும் இரும்பு முளை அடித்து நடுவே மெல்லிய கம்பியை இழுத்துக் கட்டினார். அதிலிருந்து கரண்டுக் கம்பங்களோடு ஒரு வயர் கீழே பெக்டரி வரை போனது. மண் நகர்ந்து கம்பி அறுந்தால் மோடம் தானாகவே லயத்துக்கு போன் அடிக்கும்.

யாருடைய போனுக்கு என்பதில் பேச்சே இருக்கவில்லை. லயத்தின் நடு வீட்டில், நடுக் காம்பராவில் இருக்கிற மரிய கொறற்றி அக்காவின் போனுக்குத்தான். அவருடைய போனில் எப்போதும் சார்ஜ் இருக்கும். அவர் குரல் கொடுத்தால் அடுத்த டிவிசனில் கொழுந்து எடுக்கிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். சோதனை பார்த்த அன்று, இப்போது அடிக்கும் என்று முதலிலேயே சொல்லிவைத்திருந்ததால் அக்கா உடனே எடுத்தார். கிர்ரென்று ஒரு கீச்சல். போனைத் தூரப் பிடித்துக்கொண்டு, "என்னா தம்பி இது, பன்னிய அறுக்கிற மாதிரி கத்துது!" என்றார். லயமே வரிசையில் நின்று கேட்டது. அந்தச் சத்தம் வந்தால் எதையும் எடுக்காமல் எதிர் மலையில் இருக்கிற மாதா கோயிலுக்கு ஓட வேண்டும் என்று பேசி வைத்தோம். அக்கா அந்த நம்பரை "ஜீவராஜ் தம்பி" என்ற பெயரில் போட்டுக்கொண்டார். வினை அங்கேதான் இருந்தது, எங்கள் யார் கண்ணிலும் படவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு பழக்கம் உண்டு. போனில் ரீலோட் காசு குறைந்தவர்கள் கூப்பிட்டால் எடுக்கமாட்டோம். கட் பண்ணிவிட்டு நம் செலவில் திருப்பி எடுப்போம், அதாவது நாமே கூப்பிடுவோம். அதுதான் மரியாதை. கொறற்றி அக்கா இதில் ஒரு படி மேல், யார் கூப்பிட்டாலும் கட் பண்ணுவார். "கூப்பிட்டவங்க காசுல பேசுறதும் ஒரு பேச்சா?" என்பார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை விட்ட பாடில்லை. மோட்டர் குழிக்குள் தண்ணீர் போய்விடும் என்று இவர் பெக்டரிக்கு இறங்கிப் போயிருந்தார். லீவு நாள், ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. பேசுகிற டெலிபோன் அதற்குள்ளே. அந்தப் பள்ளத்தில் கைப்போனுக்கு சிக்னலும் இல்லை. நான் பிள்ளைகளோடு கொறற்றி அக்கா காம்பராவில் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. அக்கா பார்த்தார், கட் பண்ணினார், திருப்பி எடுத்தார். லைன் எங்கேஜ். உடனே மறுபடியும் அடித்தது. மறுபடியும் கட், மறுபடியும் எங்கேஜ்.

"ஏ ஷியாமளா, ஒன் வீட்டுக்காரரு என்னா வெளையாடுறாரா?"

"விடுங்கக்கா. சோறாக்கியாச்சான்னு கேக்கத்தான் இருக்கும்" என்றேன் நான்.

கீழே நடந்ததை அவர் பிறகு சொன்னார். கம்பி அறுந்த சிவப்பு விளக்கு எரிகிறது. திரையில் BUSY என்று விழுகிறது. மோடம் திரும்ப அடிக்கிறது, திரும்பவும் BUSY. அக்கா யாரோடோ பேசிக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தாராம். லயத்துக்கு ஓடலாம் என்று வெளியே பாய்ந்தால் பாலத்துக்கு மேலே தண்ணீர். சுற்றி ஏறினால் அரை மணி நேரமாவது ஆகும். உள்ளே திரும்பி வந்தபோதுதான் மோடத்தின் ஸ்பீக்கரில் காது பட்டது. அங்கே மணி அடிக்கிறது, அடித்த பிறகுதான் அறுகிறது. பேச்சில் இருக்கிற போனென்றால் மணியே அடித்திருக்காது. அக்கா கட் பண்ணுகிறார்! கூப்பிட்டவன் காசு போகக்கூடாது என்று கட் பண்ணுகிறார்!

திரும்பத் திரும்ப அடிக்கிற புரோகிராமை நிறுத்தினார். மணி வந்தால் நீயே எடு என்பதற்கான கட்டளையைத் தட்டினார்: ATS0=1. அவசரத்தில் ஏதோ பிசகிவிட்டது, ERROR. மறுபடியும் தட்டினார், OK. பிறகு இரண்டு கையையும் கம்பியூட்டரை விட்டு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாராம். இனி அவர் செய்ய ஒன்றுமில்லை, அக்கா திருப்பி எடுக்க வேண்டும்.

அக்காவோ அலுத்துப்போய் போனைப் படுக்கையில் போட்டுவிட்டார். நானும் கிழங்குச் சட்டியை அடுப்பில் ஏற்றினேன். ஆனால் அக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. "கட் பண்ணிப்புட்டு எடுக்காம இருந்தா மனசு கேக்குதில்லையே" என்று புலம்பியபடி போனை எடுத்து அந்த நம்பருக்கே அடித்தார்.

கீச்சல் எனக்கே கேட்டது. அக்காவின் முகம் வெளுத்தது. அடுத்த நொடி, "ஓடுங்கடீ! எல்லாரும் வெளிய வாங்க!" என்று அவர் போட்ட சத்தத்தில் லயம் முழுவதும் முற்றத்துக்கு வந்துவிட்டது.

மாதா கோயில் படியில் ஏறிக்கொண்டிருக்கும்போது பின்னால் மலை இறங்கியது. திரும்பிப் பார்த்தால் எங்கள் காம்பராவின் பின்சுவர் இல்லை. அக்காவின் அடுப்படி இல்லை, அதில் வெந்த கிழங்கும் இல்லை. போகட்டும், ஆள் ஒருத்தர் குறையவில்லை. எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. மாதாவுக்கும் மாரியம்மனுக்கும் ஒரே மூச்சில் கும்பிடு போட்டேன்.

இருட்டுகிற நேரத்தில்தான் அவர் வந்து சேர்ந்தார், இடுப்பு வரை சேறு. அக்கா எழுந்து கையைக் கூப்பிக்கொண்டு, "தம்பி, கட் பண்ணிட்டேனேய்யா" என்று அழ ஆரம்பித்துவிட்டார்.

"திருப்பி எடுத்தீங்கதானேக்கா. நாளைக்கே மாத்திர்றேன். இனி அது ரெண்டு ரிங் அடிச்சிட்டு தானா வச்சிரும். நீங்க வழக்கம் போல எடுங்க, அது பேசும்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏங்க, கட் பண்ணாம எடுங்கன்னு சொன்னா முடிஞ்சிச்சே?"

"பயத்துல மனுசருக்குப் பழகுன கைதான் முன்னுக்கு வரும். மெஷினுக்குத்தான் பயமில்ல."

ஒரே மூச்சில் அவர் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. பிறகு சுவரோரமாக என் பக்கத்தில் உட்கார்ந்தார். சின்னவள் அவர் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டாள். மோடம் எடுத்ததும் கத்தியதும் அவருக்குத் தெரியுமாம். அந்தப் பக்கம் கேட்டவர்கள் ஓடினார்களா என்பது மட்டும் தெரியாதாம். மலை இறங்குகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, அது தெரியாமலேயே அந்த வழியெல்லாம் ஏறி வந்திருக்கிறார்.

"எல்லாரும் இருக்காங்கதானே?" என்று கேட்டார்.

"இருக்காங்க."

கொஞ்ச நேரம் கழித்து, பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டே மறுபடியும் அதையே கேட்டார். மறுபடியும் சொன்னேன். அந்த மனுஷன் தூங்கிப்போகும் வரை கேட்டுக்கொண்டே இருந்தார், நானும் ஒவ்வொரு தடவையும் புதிதாகச் சொல்வது போல, இருக்கோம், எல்லாரும் இருக்கோம் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.