மண்டபக் கூரையில் உபயக்காரர்கள்

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் எங்கள் கோயில் மண்டபத்துக் கூரைமேல் சூரிய மின்தகடுகள் நிற்கின்றன. படுத்துக்கிடக்க வேண்டியவை, நிற்கின்றன. மோனோரயிலில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது.

அந்த மண்டபத்து மாடியில் சனிக்கிழமைதோறும் நான் தமிழ் வகுப்பு நடத்திவந்தேன். கிள்ளானிலிருந்து ரயிலேறி வருவேன். பிள்ளைகள் எல்லாரும் மலாய்ப் பள்ளியில் படிப்பவர்கள். வாய் ஓயாமல் தமிழ் பேசுவார்கள், எழுத்துக்கூட்டத்தான் வராது. மாடிக்குத் தகரக் கூரை. காலை ஏற ஏற இட்லிப் பானைக்குள் உட்கார்ந்த மாதிரி இருக்கும். தலைக்கு மேலே மின்விசிறிகள் வரிசையாகத் தொங்கும், ஆனால் சுவிட்சுப் பெட்டிக்கு நிர்வாகம் பூட்டுப் போட்டிருந்தது. கரண்டு பில் ஏறுகிறதாம். கல்யாணத்துக்கு வாடகைக்கு விட்டால் மட்டும் பூட்டு திறக்கும்.

பிள்ளைகள் ஒவ்வொருவராக வகுப்புக்கு வராமல் நின்றார்கள். ஒரு சிறுமியின் அம்மா வாராவாரம் என்னைப் பிடித்துக்கொள்வார்.

"டீச்சர், என் பொண்ணு முதுகெல்லாம் வேர்க்குரு லா. ஃபேன் போடாம என்ன கிளாஸ் நடத்துறீங்க? இப்படியே போனா நான் நிறுத்திடுவேன்."

மின்விசிறியை நான் கைப்பையில் ஒளித்துவைத்திருப்பது போலப் பேசுவார்.

அப்போதுதான் கோயில் தலைவர் சோலார் போடப்போவதாக அறிவித்தார். அவர் கட்டடக் குத்தகைக்காரர். மைக்கைக் கண்டால் விடமாட்டார். "ஆத்துத் தண்ணியில கரண்டு எடுக்குறாங்க, காத்துல எடுக்குறாங்க. நாம ஆண்டவன் குடுக்குற வெயில்ல எடுப்போம்! பில் எறங்கட்டும், டீச்சர் கிளாஸுக்கு ஃபேன் நிக்காம ஓடும்!" அவர் பேச்சுக்கு நான் கைதட்டியது அந்த ஒரு நாள்தான். என் அப்பா வேலை பார்த்த செம்பனை எண்ணெய் ஆலையில் கொட்டையின் ஓடு, நார் எல்லாவற்றையும் எரித்தே ஆலையை ஓட்டினார்கள். அதற்கு யாரும் மாலை போட்டுக்கொள்ளவில்லை.

எங்கள் கோயிலுக்குள் எதுவும் பெயரில்லாமல் நுழையாது. டியூப் லைட்டில் உபயக்காரர் பெயரைச் சிவப்புப் பெயிண்டில் எழுதியிருப்பார்கள், வெளிச்சம் எழுத்துகளின் சந்து வழியாகத்தான் வெளியே வரும். கழிவறை வாளிக்குக்கூட உபயம் உண்டு. தகடுகளுக்குப் பணம் கொடுத்தவர்கள் உடனே கேட்டுவிட்டார்கள்: "கூரை மேல வெச்சா யாரு பாப்பாங்க?" தலைவரிடம் பதில் தயாராக இருந்தது. மோனோரயில் எங்கள் கூரை உயரத்தில்தான் போகிறது. ஆகவே தகடுகளை விளம்பரப் பலகை மாதிரி ரயில் பாதையைப் பார்த்து நிமிர்த்தி வைத்து, ஒவ்வொன்றின் மேலும் தடித்த மஞ்சள் எழுத்தில் பெயர் எழுதச் சொன்னார்.

பொருத்த வந்த கம்பெனி ஆள் வாய்விட்டுச் சொன்னார்: "பாஸ், நம்ம ஊருல வெயில் உச்சந்தலையில விழுது. படுக்க வெக்கணும். மேல பெயிண்ட் அடிச்சா அந்த வரிசையே கரண்டு குடுக்காம செத்துடும்."

"நீ வெச்சிட்டுப் போ லா. எங்க கோயில் எங்களுக்குத் தெரியும்."

திறப்பு விழாவில் தகடுகளுக்குச் சந்தனம் வேறு பூசினார்கள். பில் பேருக்குத்தான் இறங்கியது. பூட்டு அப்படியே தொங்கியது. பொதுக்கூட்டத்தில் நான் எழுந்து, பெயர்களை அழித்துத் தகடுகளைப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் வகுப்பு செத்துவிடும் என்றேன். தலைவர் சிரித்துக்கொண்டே, "பேரு இருக்கணும்னு சொல்றவங்க கைதூக்குங்க" என்றார். மண்டபமே தூக்கியது. வேர்க்குரு அம்மாவும் தூக்கினார். அவரும் ஒரு தகட்டுக்கு உபயம் கொடுத்திருந்தார்.

அடுத்தடுத்த வாரங்களில் வகுப்புக்கு அவருடைய மகள் மட்டும்தான் வந்தாள். ஒரு பிள்ளைக்காக மாடியைத் திறக்க முடியாது என்று நிர்வாகம் சொல்லிவிட்டது. சாவியைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது, அந்த அம்மா மகளோடு வாசலில் நின்றிருந்தார்.

"கிளாஸ நிறுத்திட்டீங்களாமே டீச்சர்? இப்பதானே எழுத்துக்கூட்ட ஆரம்பிச்சா."

எனக்குக் கோபம் எங்கிருந்துதான் வந்ததோ. அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு சாலைக்கு அந்தப் பக்கம், ரயில் பாதைக்குக் கீழே போய் நிறுத்தினேன்.

"மேல பாருங்க. உங்க பேரு எவ்ளோ அழகா நிக்குது! அதுக்குத்தானே கை தூக்குனீங்க? நல்லா படிங்க."

அவர் அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். பிறகு வேறு யாருடைய பெயரையோ காட்டி, "இதுவா டீச்சர்?" என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன்.

"எனக்குத் தமிழ் படிக்கத் தெரியாது டீச்சர். அதான் இவள அனுப்புனேன்."

என் கோபம் அப்போதும் ஆறவில்லை. அந்தத் தலைவர் மட்டும் எதிரே வந்திருந்தால் என்ன செய்திருப்பேனோ தெரியாது. சிறுமி அம்மாவின் கையை விட்டுவிட்டுத் தகடுகளை வரிசையாகப் பார்த்தாள். கடைசித் தகட்டைக் காட்டி, "இதும்மா" என்றாள். விரலை நீட்டி, உதட்டை அசைத்து, முதல் எழுத்தைச் சொன்னாள். இரண்டாவதையும் சொன்னாள். மூன்றாவதில் நின்று, என் முகத்தைப் பார்த்தாள்.

அந்த எழுத்து வரும் பாடத்தை நாங்கள் இன்னும் தொட்டிருக்கவில்லை.