மொட்டைக்கல்லுக்கு வழி கேட்டவர்

அஸர் தொழுகை முடிந்த கையோடு பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். இன்னாருடைய மகனும், இன்னாருடைய மருமகனும், மருதமுனையில் சாறன் கடை நடத்தியவருமான ஜௌபர் மௌத்தாகிவிட்டார் என்று. நான் என் மருந்துக் கடையில் ஒருவருக்கு மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். நம் பக்கத்தில் தெருவுக்கு நாலு ஜௌபர் உண்டு என்பதால், பெயர் கேட்டபோது ஒன்றும் ஆகவில்லை. சாறன் கடை என்றதும் கை நின்றுவிட்டது. காலையில் கடை திறந்த மனிதர். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர் திரும்பவில்லை.

அந்த அறிவித்தலில் அவருடைய எல்லா உறவும் இருந்தன. மொட்டைக்கல் மட்டும் இல்லை. அவரை அறிந்த உங்களில் பலருக்கு அவர் நயமான துணிக்காரர், கலியாண வீடுகளில் முன்னுக்கு நிற்கிறவர். எங்கள் ஏழெட்டுப் பேருக்கோ அவர் வேறொருவர். நற்பிட்டிமுனை வயல்களைத் தாண்டி மேற்கே, நெல் வட்டையின் நடுவில் மொட்டைக்கல் என்று ஒரு பெரும்பாறை நிற்கிறதே, அதில் கயிறு கட்டி ஏறுவதற்கு விடுமுறை நாட்களில் போவோம். வேலை இல்லாதவர்கள் பார்க்கிற வேலை என்று ஊரில் சொல்வார்கள். சொல்லட்டும். அந்தக் கல்லுக்குப் போகும் வழியை எங்களுக்கு வாங்கித் தந்தவர் ஜௌபர். வாங்கிய விதத்தைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதல் தடவை போனபோது வேனை ஓட்டியவரும் அவர்தான். கல்லுக்குக் கிட்ட, வயல்களுக்கு நடுவே, புல்லே இல்லாமல் மட்டமாக ஒரு வெறும் நிலம் கிடந்தது. வேன் விடுவதற்கென்றே இறுக்கி வைத்ததுபோல இருந்தது. விட்டார். ஏறி இறங்கி வந்தபோது வேனுக்குப் பக்கத்தில் ஒரு மனிதர் மண்வெட்டியோடு நின்றார். காணிக்காரர் உதுமாலெவ்வை; வயதில் மூத்தவர் என்பதால் எங்களுக்குக் காக்கா.

“செருப்போட களவெட்டிக்குள்ள வந்தவன் ஆரு?” என்றார்.

களவெட்டி என்றால் சூடு மிதிக்கிற, கதிரிலிருந்து நெல்லைப் பிரிக்கிற களம். இப்போது எல்லாம் மெசின் வெட்டு. வெட்டிய இடத்திலேயே நெல் மூட்டையாகிவிடுகிறது. களவெட்டிக்கு வேலையே கிடையாது. ஆனாலும் அவர் ஒவ்வொரு போகமும் அதைச் செதுக்கித் துப்புரவாக வைத்திருந்திருக்கிறார். நெல் விழுந்த மண்ணில் செருப்புக் கால் படக்கூடாது என்பது வயல்காரர்களுக்குத் தெரியும். கடைக்காரர்களாகிய நாங்கள் ஒரு டொல்பின் வேனையே ஏற்றி நிறுத்தியிருந்தோம்.

நான் வாய்க்காரன். மிதிக்காத களத்தில் வேன் நின்றால் என்ன குறைந்துவிட்டது என்று கேட்க வாயெடுத்தேன். ஜௌபர் என் கையைப் பிடித்தார். தன் செருப்பைக் கழற்றினார், எங்களையும் கழற்றச் சொன்னார். வேனை ஸ்டார்ட் செய்யாமல் தள்ளியே வெளியில் எடுத்தோம். எஞ்சினிலிருந்து எண்ணெய் சொட்டிய இடத்தைக் கையாலேயே கிளறி, அந்த மண்ணை சாறன் மடியில் வாங்கிக்கொண்டு வந்தார். காக்கா மனம் இளகவில்லை. “கல்லு என்ட இல்ல, அது அல்லாஹ்ட. வேன் நிக்கிற நிலம் என்ட. இனி இந்தப் பக்கம் வரப்படா” என்று சொல்லி அனுப்பினார்.

அதற்குப் பிறகு ஜௌபர் ஜும்ஆ முடிந்து வெள்ளிதோறும் நற்பிட்டிமுனைக்கு, காக்கா வீட்டுக்குப் போகத் தொடங்கினார். போய் என்ன செய்தார் என்றால் இருந்தார். மழை, உரம், யானை வேலி, அறக்கொட்டிப் பூச்சி என்று காக்கா கதைப்பதைக் கேட்டார். எனக்குப் பொறுக்கவில்லை.

“மச்சான், கல்லு விஷயம் கதைச்சீங்களா?”

“இல்ல.”

“மறுகா ஏன் போறீங்க?”

“முதல்ல மனிசனோட கதைப்பம். கல்லப் பிறகு கதைப்பம்” என்றார்.

கடைசியில் கேட்டது காக்காதான். “அப்ப, வேன எங்க விடப்போறாய்?” என்று அவராகவே தொடங்கினாராம். இருவரும் வரப்பு வரப்பாக நடந்து, வாய்க்கால் கட்டுக்குப் பக்கத்தில் ஒரு மருத மரத்தடியைக் கண்டுபிடித்தார்கள். விதைப்புக் காலத்திலும் வெட்டுக் காலத்திலும் வேன் உள்ளே வராது. றோட்டில் விட்டுவிட்டு நடப்போம். மற்ற நாட்களில் உழவு மெசின் வந்தால் உடனே வேனை எடுக்க வேண்டும், ஆகவே சாவியோடு ஒருவர் கீழே இருக்க வேண்டும். இன்னொன்று, ஒவ்வொரு தடவையும் வந்து கேட்க வேண்டும். ஒரு முறை கொடுத்த அனுமதி மறுமுறைக்கு ஆகாது.

இந்தக் கடைசி நிபந்தனை எனக்குப் பிடிக்கவே இல்லை. நாளைக்கு மனிதர் மாறிவிட்டால் என்ன செய்வது, எழுத்தில் வாங்கிவிடுவோம் என்றேன். ஜௌபர் சிரித்தார். “எழுதி வாங்கினா மறுகா நாம அவருக்கு சலாம் சொல்லவும் மாட்டம்” என்றார். அது உண்மை என்பதால் எனக்கு இன்னும் கோபம் வந்தது.

கீழே இருக்கும் அந்த ஒருவர் எப்போதும் ஜௌபர்தான். எங்களில் நன்றாக ஏறக்கூடியவர் அவர். விரல் நுழையாத வெடிப்பிலும் பிடி கண்டுபிடிப்பார். “சொல் குடுத்தது நான், சாவி என்னட்ட இருக்கட்டும்” என்று மரத்தடியில் இருந்துவிடுவார். மாறி மாறி இருப்போம் என்று நாங்கள் சொல்லாத நாளில்லை. “அடுத்த முறை பாப்பம்” என்பார். மேலே இருந்து பார்த்தால் மருத மரத்தின் நிழலுக்கு வெளியே வந்து, கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து நிற்பது தெரியும். எவ்வளவு ஆசை அந்த நிற்பில். இப்போது கண்ணை மூடினால் அந்த நிற்பைத்தான் காண்கிறேன்.

ஒரே ஒரு நாள் உதுமாலெவ்வை காக்கா மரத்தடிக்கு வந்து கையை நீட்டினார். “சாவியத் தா. மெசின் வந்தா ட்ரைவர நான் பாத்துக்கொள்றன். நீ ஏறு.” ஜௌபர் தயங்கிக்கொண்டே கொடுத்தார். பிறகு அவர் ஏறியதைப் பார்க்க வேண்டுமே! நான் உச்சியில் கயிற்றைப் பிடித்திருந்தேன். கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தபோதும் என் கையைப் பிடிக்காமல் தானாகவே ஏறி வந்து நின்றார். மூச்சு வாங்கியது. பச்சை வட்டைகள், அதற்கப்பால் தென்னைகள், அதற்கும் அப்பால் ஒரு நீலக் கோடு.

“கடல் தெரியுது” என்றார். வெகுநேரம் அங்கேயே இருந்தோம். கீழேயிருந்து காக்காவும் எங்களை அவசரப்படுத்தவில்லை.

ஜனாஸாவுக்குக் காக்கா வந்திருந்தார். நாற்பதாம் நாள் கத்தம் ஓதி முடிந்த பிறகு வந்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடித்து நான் நற்பிட்டிமுனைக்குப் போனேன். வழி இனி இருக்கிறதா இல்லையா என்று தெரிய வேண்டியிருந்தது. சலாம் சொன்ன சூட்டோடு கேட்டுவிட்டேன்.

“காக்கா, நாளைக்கு நாங்க கல்லுக்கு வரலாமா?”

அவர் என்னை நன்றாகப் பார்த்தார்.

“அவனுக்குக் குடுத்தது அவனோட போயிட்டு, மகன்.”

எழும்பப் போனேன். “எங்க போறாய்? இரி. தேத்தண்ணி குடி” என்றார்.

இருந்தேன். அவர் மழையைப் பற்றிக் கதைத்தார். பிறகு, உரம் தட்டுப்பாடான போகத்தில் ஜௌபர் தன்னோடு வரிசையில் வந்து நின்றதைச் சொன்னார். எனக்கு அது தெரியாது. அடுத்த வெள்ளி போனபோது, களை பிடுங்கத் தெரியாமல் ஜௌபர் நெல்லைப் பிடுங்கியதைச் சொல்லிச் சிரித்தார். அதுவும் எனக்குத் தெரியாது. சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜௌபரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த வெள்ளிக்கிழமைகள்தான். ஒவ்வொரு வாரமும் போய் இருக்கிறேன். கயிறுகளைக் கட்டி வைத்துவிட்டுக் காத்திருக்கும் நண்பர்கள், கேட்டாயா என்று போன் எடுக்கிறார்கள். நான் இன்னும் கேட்கவில்லை. கேட்டால் இப்போது தந்துவிடுவார் என்று நினைக்கிறேன். தந்துவிட்டால் இந்தக் கதைகள் நின்றுபோகுமே என்று பயமாக இருக்கிறது.