இரண்டாவது தகடு

மூன்று வருடங்களுக்கு முன்பு, தென்மேற்குக் கச்சான் காற்று அடங்கிக்கொண்டிருந்த நாட்களில், கற்பிட்டியில் எங்கள் வீட்டு முற்றத்தில் தொடங்கிய கதை இது. நான் அப்போது தொழில்நுட்பக் கல்லூரியில் மோட்டார் இயந்திரம் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்தது நான் ஒருத்திதான். வாப்பாவுக்கு எழுத வாசிக்கத் தெரியாது. எனக்கு அந்தப் பெருமை நிறையவே இருந்தது. நான் அதை மறைத்ததும் இல்லை.

வாப்பாவிடம் பழைய படகு எஞ்சின் ஒன்று இருந்தது. நான் பிறப்பதற்கு முன்பே அதைப் பழையதாகத்தான் வாங்கியிருந்தார். உப்பு அரித்து நின்றுபோன பிறகு, ஐந்து வருடமாகக் கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் சாக்கு மூடிக் கிடந்தது. படகு கரையில் கவிழ்ந்து கிடந்தது. வாப்பா மற்றவர்களின் படகுகளில் கூலிக்குப் போனார். தன்னைவிட வயது குறைந்தவர்களின் அதட்டலைக் கேட்டுக்கொண்டு அவர்களுடைய வலையை இழுத்தார். எஞ்சின் ஓடினால் மறுபடியும் சொந்தப் படகில் போகலாம். நான் திருத்தித் தருகிறேன் என்றேன்.

அந்த எஞ்சினுக்கான ஆங்கிலக் கையேட்டை இணையத்தில் தேடி எடுத்தேன். இறுகிப்போன திருகாணிகளை டீசலில் ஊறவைத்துக் கழற்றவே ஒரு கிழமை சென்றது. சிலிண்டரின் மூடியைத் திறந்தபோது, அதற்கடியில் இடுக்கு அடைக்கும் கேஸ்கட் தகடுகள் இரண்டு இருந்தன. ஒன்று கம்பனித் தகடு. மற்றது கையால் வெட்டியது. கையேட்டுப் படத்தில் ஒன்றுதான் இருந்தது.

"அது நான் வெட்டிப் போட்டது மகள். ரெண்டும் கிடக்கட்டும். அப்பதான் எஞ்சின் நோகாம ஓடும்" என்றார் வாப்பா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எஞ்சினுக்கு நோகுமா வாப்பா? தைலம் பூசி விடுவமா?"

அவரும் சிரித்தார். நான் தொலைபேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். "ஓம், புத்தகத்தில அப்பிடியெண்டா சரிதான்" என்றார். அவர் வெட்டிய தகட்டைக் குப்பையில் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, தண்ணீர்ப் பீப்பாய்க்குள் எஞ்சினை இறக்கி, பெட்ரோல் ஊற்றிக் கயிற்றை இழுத்தேன். மூன்றாவது இழுப்பில் பிடித்துக்கொண்டது. முன்பெல்லாம் இவ்வளவு பலமாகச் சத்தம் கேட்டதில்லை என்று அயலவர்கள் சொன்னார்கள். வாப்பா பள்ளிவாசல் வாசலில் நின்றவர்களிடமெல்லாம் போய்ச் சொல்லியிருக்கிறார், மகள்தான் செய்தாள் என்று.

கடல் படிந்து அமைதியானதும் வாப்பாவும் அவருடைய தம்பி, என் சாச்சாவும், அதிகாலை சுபஹு தொழுதுவிட்டுப் புறப்பட்டார்கள். எங்கள் பக்கத்தில் பெட்ரோலில் கிளப்பி, எஞ்சின் சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றித்தான் ஓடுவார்கள். கரை மறையும் தூரத்தில், உள்ளே சுத்தியலால் அடிப்பதுபோல் ஒரு சத்தம். பிறகு எஞ்சின் நின்றுவிட்டது. பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகுதான் இன்னொரு படகு அவர்களைக் கட்டி இழுத்து வந்தது. அதுவரை உம்மா கரையை விட்டு அசையவில்லை. துடுப்புப் போட்டுப் போட்டுச் சாச்சாவின் உள்ளங்கைத் தோல் உரிந்திருந்தது. "எண்ணெய் சரியில்ல போல" என்று மட்டும் வாப்பா சொன்னார்.

மறுநாள் எஞ்சின் திருத்துபவரின் கொட்டிலுக்கு நானும் வாப்பாவுடன் போனேன். அவர் வாப்பாவை 'நானா', அதாவது அண்ணன், என்றுதான் கூப்பிடுவார். அவர் மூடியைக் கழற்றினார். பிஸ்டனின் தலையில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. சிலிண்டரும் கீறிப்போயிருந்தது. இந்தப் பழசுக்குச் சாமான் இனி எங்கேயும் கிடைக்காது என்றார்.

"மண்ணெண்ணெயில ஓடுற எஞ்சினுக்கு ஒத்தத் தகடா? இடைவெளி குறைஞ்சு அமுக்கம் கூடிப் பிஸ்டன் உடையாதா? ஆரு நானா இந்த வேலை பாத்தது?" கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். "மகள் திருத்தினதெண்டுதானே ஊரெல்லாம் கதை."

என் கையேடு பெட்ரோலுக்கு எழுதியது என்பது அந்த நிமிடத்தில்தான் எனக்கு உறைத்தது.

"மகள் சரியாத்தான் பூட்டினவ" என்றார் வாப்பா. "பிறகு நான்தான் ஒண்டக் கழட்டினன்."

"இவ்வளவு காலம் கடலுக்குப் போறீங்க, இது தெரியாதா? படிச்ச புள்ள பூட்டினதில இனிக் கை வைக்காதீங்க நானா."

கொட்டிலில் நின்றவர்கள் சிரித்தார்கள். வாப்பாவும் சேர்ந்து சிரித்தார். நான்தான் கழற்றினேன் என்று சொல்ல ஒரு நொடி போதும். நான் பிஸ்டனையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

எஞ்சின் பழைய இரும்புக்குப் போனது. அடுத்த கச்சானுக்கு முன் படகையும் விற்றுவிட்டோம். வாப்பா மறுபடி மற்றவர்களின் படகில் போகிறார். கரையில் அவரை இப்போது 'தகடு நானா' என்று கூப்பிடுகிறார்கள். என் காதுபடவே கூப்பிடுகிறார்கள். அவர் திரும்பிப் பார்த்து, "ஓம், என்ன?" என்று கேட்கிறார்.

இதைக்கூட நான் பெயர் போடாமல்தான் எழுதி அனுப்புகிறேன். வாப்பாவின் பெயரை ஊர் சிரிக்க விட்டுவிட்டு, என்னுடையதை இன்னும் பொத்தி வைத்திருக்கிறேன்.