மேனேஜர் சட்டைப்பையிலிருந்த குத்தூசி

மேனேஜரை நினைத்தால் அவர் முகத்துக்கும் முன்பே எனக்கு ஞாபகம் வருவது, சட்டைப்பையில் பேனாவோடு சேர்ந்து நின்ற குத்தூசிதான். கறுப்பு மரப்பிடி போட்டது, தோலில் துளை போடுகிற ஊசி. ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் பிரிவில் இருந்த நாளிலிருந்து அவரோடு வந்தது. மத்தியானம் சாப்பிட்டதும் நாற்காலியில் சாய்ந்து, அந்த ஊசியாலேயே பல் குத்துவார். ஊசி முனையில் வந்ததை ஒரு தடவை உற்றுப் பார்ப்பார். பிறகு பேண்ட்டில் துடைத்துப் பைக்குள் செருகிக்கொள்வார். ஆம்பூர் பஸ் ஸ்டாண்டு ஓரம் செருப்புத் தைக்கிறவர் கையில் அதைப் போல ஓர் ஊசியைப் பார்த்தால் இன்றைக்கும் எனக்குக் குமட்டுகிறது. பாவம், அந்த மனிதர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை.

ஷூ கம்பெனியை விட்டு வந்த மேனேஜர், ட்ரோன் வைத்து வயலுக்கு மருந்தடிக்கும் தொழில் தொடங்கினார். ஆம்பூருக்கு வெளியே, முன்பு தோல் துண்டுகள் அடுக்கிவைத்திருந்த ஒரு ஷெட்தான் ஆபீஸ். பழைய பசை டின்கள் அங்கேயே ஒரு மூலையில் கிடந்தன. ஒடுகத்தூர் பக்கத்திலிருந்து பயிற்சி முடித்து வந்த நான் ட்ரோன் ஓட்டினேன். பேட்டரிகளுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுப்பது ஆபா; உருதுவில் அக்காவை அப்படித்தான் கூப்பிடுவார்கள். மேல்விஷாரத்துக்காரர், என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது மூத்தவர். ஷூவின் மேல்பாகம் தைக்கும் மிஷினில் பல வருஷம் உட்கார்ந்து முதுகு போனதால் இந்த வேலைக்கு வந்தவர். ஆனாலும் விரல்கள் சும்மா இருக்காது. ஓய்வு கிடைத்தால் ஊசியும் நூலுமாக யாருடைய துப்பட்டாவிலாவது பூப்போட்டுக்கொண்டிருப்பார். அந்த வலது கையைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், அத்தனை சுத்தமான வேலை.

எங்கள் ட்ரோனுக்கு ஒரு பேட்டரி போதாது. இரண்டைத் தொடராக இணைக்க வேண்டும். ஒன்றின் சிவப்பு ஒயரை மற்றதன் கறுப்போடு சேர்த்தால், மிச்சமிருக்கும் இரண்டு முனைகளும் மிஷினுக்குப் போகும். அப்படி இணைத்தால் இரண்டின் வழியாகவும் ஒரே அளவு மின்சாரம்தான் ஓடும். ஒன்று புதிதாகவும் மற்றது நைந்ததாகவும் இருந்தால், நைந்தது முதலில் காலியாகி, காலியான பின்னும் கசக்கிப் பிழியப்பட்டு, வயிறு ஊதிப்போகும். அதனால் ஒன்றாக வாங்கி ஒன்றாக ஓடிய இரண்டை மட்டுமே ஜோடி சேர்க்க வேண்டும். இறக்கியதும் பிரித்துவிட்டுத் தனித்தனியாகச் சார்ஜ் போட வேண்டும். பக்கத்தில் தொங்கும் மெல்லிய ஒயர்க் கொத்தையும் சார்ஜரில் செருகினால்தான் உள்ளே இருக்கும் ஒவ்வொரு செல்லின் நிலையும் அதற்குத் தெரியும். இல்லாவிட்டால் மொத்த அளவை மட்டும் பார்த்துக்கொண்டு, ஏதோ ஒரு செல் பொங்குவது தெரியாமல் தள்ளிக்கொண்டே இருக்கும்.

ஆபா இதைத் தன் வழியில் பிடித்துக்கொண்டார். ஷூ கம்பெனியில் இடது காலும் வலது காலும் பிரியாமலிருக்க நூலால் கட்டிவைப்பார்கள் அல்லவா, அதேபோல ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கலர் நூல். சிவப்போடு சிவப்பு, பச்சையோடு பச்சை. "ஜோடி மாறுனா சனியன் வந்துரும்டி" என்பார்.

ஜோடி என்றால் என்ன என்பதை மேனேஜருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெளிநாட்டுக்குப் போகும் ஷூக்களை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நிறத்தில் ஓர் இழை வித்தியாசம் இருந்தாலும் இரண்டையும் தூர எறிந்தவர் அவர். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். முகம் தெரியாத யாரோ ஒருவர் காலில் போட அத்தனை பார்த்த கண், எங்கள் தலைக்கு மேலே பறப்பதையும் எங்கள் கைக்குப் பக்கத்தில் கொதிப்பதையும் பார்க்க மறுத்தது. தெரியாமல் செய்கிறவன் மேல் எனக்குக் கோபம் வரும், போய்விடும். தெரிந்தே செய்த இவரை நினைத்தால் அருவருப்புதான் வருகிறது.

நெல்லுக்கு மருந்தடிக்கும் சமயம். நாலு பக்கமிருந்தும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சிவப்பு நூல் ஜோடியில் ஒன்று தலையணை மாதிரி ஊதிவிட்டது. ஆபா அதை வெளியே மணல் தொட்டியில் கொண்டுபோய் வைத்தார். மேனேஜர் அதை எடுத்துக்கொண்டு உள்ளே வந்தார்.

"இன்னா ஆபா, இதைப் போய் வெளியே போட்டுக்கினு. காத்துதான? லைனிங்ல குமிழ் வந்தா கம்பெனில இன்னா பண்ணுவோம்?"

தோலுக்கும் உள்துணிக்கும் நடுவே காற்று நின்றால் ஊசியால் குத்தி, அழுத்தி, பசை போட்டு ஒட்டிவிடுவது அங்கே வழக்கம். நாங்கள் வாய் திறப்பதற்குள் சட்டைப்பையிலிருந்து குத்தூசியை எடுத்து, பேட்டரியின் ஓரத்தில் ஒரு குத்து குத்தினார். புஸ்ஸென்று காற்று வந்தது. கூடவே நகப்பாலிஷ் போலத் தித்திப்பான ஒரு நாற்றம். உடனே தீப்பிடிக்காதது அவருடைய அதிர்ஷ்டம். உள்ளங்கையால் தட்டையாக்கி, ஓட்டையில் ஷூ பசையைத் தடவி, டேப் சுற்றினார். ஊசியை வழக்கம்போலப் பேண்ட்டில் துடைத்தார். பச்சை நூல் ஜோடியிலிருந்து நல்ல பேட்டரி ஒன்றைப் பிரித்து இதோடு சேர்த்து, இரண்டையும் இணைத்தபடியே சார்ஜில் போடச் சொன்னார்.

"வேணாம் சார். சின்ன ஒயராச்சும் தனித்தனியா மாட்டிக்கிறேன்" என்றார் ஆபா.

"அதெல்லாம் ஒண்ணொண்ணா மாட்டினு இருந்தா பொழுது போய்டும்மா. நான் சொல்றேன் இல்ல?"

அவரே செருகினார், ஸ்விட்சையும் அவரே போட்டார். சாப்பிட வீட்டுக்குப் போய்விட்டார்.

நான் ட்ரோனின் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். ஆபா மேஜையை விட்டு நகரவில்லை. முதலில் சீறல் கேட்டது, பிறகு வெள்ளைப் புகை. ஸ்விட்சை அணைத்தும் நிற்கவில்லை. மேஜைக்குக் கீழே பசை டின்கள். வாசலுக்கும் எனக்கும் நடுவில் அந்த மேஜை. ஆபா என்னை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். "தள்ளுடி!" என்று கத்திக்கொண்டே ஒயரைப் பிய்த்து, குத்துப்பட்ட பேட்டரியை வெறுங்கையால் தூக்கிக்கொண்டு ஓடி மணல் தொட்டியில் போட்டார். போடுவதற்கு முன்பே அது கையிலேயே தீப்பிடித்துவிட்டது.

ஆபாவை ஆட்டோவில் ஏற்றும்போது மேனேஜர் வந்து சேர்ந்தார். புகையைப் பார்த்தார், ஆபாவின் கையையும் பார்த்தார். பிறகு என்னிடம் கேட்டது இதுதான்: "அந்த நல்ல பேட்டரி இன்னா ஆச்சு?"

ஆஸ்பத்திரியில் ஆப்பிள் பையோடு வந்து நின்று, "பாவம், சின்ன ஒயர மாட்ட மறந்துட்டாங்க" என்று எல்லோரிடமும் சொன்னார். ஆபாவின் வீட்டுக்காரரிடம் அதைச் சொல்லும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டார். நடந்தது இன்னதென்று நான் அங்கேயே சத்தம் போட்டுச் சொன்னேன். "பயத்துல ஒளறுது பொண்ணு" என்று என் தலையைத் தடவினார். வீட்டுக்கு வந்து தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்ட பிறகும் அந்தக் கை என் தலைமேலேயே இருந்தது.

போன மாதம் திருப்பத்தூரில் பெண் பைலட்டுகளுக்கு ஒரு கூட்டம் நடந்தது. இப்போது எங்கள் மகளிர் குழுவுக்குச் சொந்தமாக ஒரு ட்ரோன் இருக்கிறது, நானும் போயிருந்தேன். மேடையில் சிறப்பு விருந்தினர் மேனேஜர். பேட்டரிப் பாதுகாப்பு பற்றிப் பேசினார். ஜோடி மாற்றாதீர்கள், இணைத்தபடி சார்ஜ் போடாதீர்கள், ஊதினால் தொடாதீர்கள். ஒரு வார்த்தை தப்பில்லை. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு கலர் நூல் கட்டுவது தன்னுடைய யோசனை என்று எடுத்துக் காட்டினார். கைதட்டினார்கள். சாப்பாடு முடிந்ததும் நாற்காலியில் சாய்ந்து, சட்டைப்பைக்குள் கைவிட்டார். அதே கறுப்புப் பிடி. வாய்க்குள் விட்டுக் குத்தி, முனையைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய் வாந்தி எடுத்தேன்.

அங்கிருந்து நேராக மேல்விஷாரத்துக்கு, ஆபா வீட்டுக்குப் போனேன். எங்கள் குழுவின் பேட்டரிகளுக்கு ஜோடி பார்த்துச் சொல்வது இன்றைக்கும் ஆபாதான். கூட்டத்தில் பார்த்ததைச் சொன்னேன்.

"அந்த ஊசிய இன்னும் வெச்சினு இருக்காரா?"

"பல்லு குத்தினு இருந்தாரு ஆபா."

தீப்பட்டதிலிருந்து ஆபாவுக்கு வலது கையில் இரண்டு விரல்கள் மடங்காது. இடது கையால் தைக்கப் பழகிக்கொண்டிருக்கிறார், கோணல்மாணலாகத்தான் வருகிறது. மடியில் கிடந்த தையல் ஊசியையும் சிவப்பு நூலையும் என் பக்கம் நகர்த்தினார்.

"கோத்துக் குடுடி" என்றார்.

கோத்துக் கொடுத்தேன்.