எரியுது என்று சொன்ன அம்மா

கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நான் நர்ஸாக இருந்தபோது, அந்த அம்மாவை அவர் கணவர் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தார். அந்த அம்மா விடியுமுன் ஜீப் ஏறி மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிறவர். தலையில் கட்டிய துண்டைக் கட்டிலில் படுத்தும் அவிழ்க்கவில்லை.

“காதுல குரல் கேக்குற சீக்கு சிஸ்டர், ரொம்ப வருசமா. மாத்திரை சாப்பிட்டுக்கிட்டுத்தான் இருந்தா. இப்ப திரும்பவும் முத்திருச்சு. அடிவயித்துல நெருப்பு வச்சுட்டாகன்னு கத்துறா,” என்றார் கணவர்.

மலையில் ஒதுங்க இடம் இல்லாததால் தோட்டத்துப் பெண்கள் பகலெல்லாம் தண்ணீர் குடிப்பதில்லை. இந்த அம்மா வீட்டிலும் சரியாகக் குடிப்பதில்லை. விஷம் கலந்திருக்கு என்று குரல் சொல்லுமாம். வேறு யாராவது முதல் மடக்கு குடித்துக் காட்டினால்தான் செம்பைத் தொடுவார்.

டாக்டரம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மூத்திரத்தைப் பரிசோதிக்கச் சொன்னார். கடுமையான கிருமித் தொற்று. இன்னும் தாமதித்திருந்தால் உயிருக்கே ஆபத்து என்று கணவரைத் திட்டித் தீர்த்தார்.

காய்ச்சல் இறங்கியதும், “இப்ப எரியுதாம்மா?” என்று கேட்டேன்.

“கொறஞ்சிருக்கு. நான் வாயால சொன்னேன், ஒருத்தரும் நம்பல. மூத்திரம் சொன்ன பெறகுதான் நம்புனாக.”

குரலில் கோபமே இல்லை. செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினேன். முதல் மடக்கை நான் குடித்துக்காட்ட மறந்துபோனேன். அவர் செம்பையும் என் முகத்தையும் மாறிமாறிப் பார்த்தார். பிறகு குடித்தார்.

என்னை எதை வைத்து நம்பினாரோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை.