படகில் இருவரும் நலம்

சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்ப்படகுகள் கட்டி வைக்கும் கிளப் ஒன்றில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். தொண்ணூறுகளின் கடைசி. பக்கத்துத் தளத்தில் நிலக்கரியும் இரும்புத் தாதும் ஏற்றி இறக்குவார்கள். காலையில் போனால் வெள்ளைப் படகுகள் கறுப்பும் சிவப்புமாகப் புழுதி அப்பிக் கிடக்கும். அதைக் கழுவுவது, நைந்த கயிறுகளை மாற்றுவது, ஞாயிற்றுக்கிழமைகளில் வரும் சொந்தக்காரர்களைப் படகில் ஏற்றி இறக்குவது, இதெல்லாம் என் வேலை. எங்கள் குப்பம் திருவொற்றியூர்க் கடற்கரையில். கடல் அங்கே இரண்டு வரிசை வீடுகளைத் தின்றுவிட்டு மூன்றாவது வரிசைக்கு வந்திருந்தது. கட்டுமரத்தை இழுத்துப் போட மணல் இல்லை. பாறாங்கல்லைக் கொட்டி வைத்திருந்தார்கள். அதனால்தான் நான் அடுத்தவர் படகைக் கழுவப் போனேன். அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. கல்யாணமாகி மூன்று வருடம்.

அந்தப் படகுகளில் ஒன்றின் சொந்தக்காரர், எண்ணூரில் குழாய்ப் பட்டறை வைத்திருந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர். ஒல்லி, உயரம், கத்தாத குரல். கிளப்பில் எல்லோரும் அவரை நல்லவர் என்பார்கள். என்னை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார். நான் 'சார்' என்பேன்.

அந்த வருடம் சென்னையிலிருந்து போர்ட் பிளேருக்குப் பாய்ப்படகுப் பந்தயம் வைத்தார்கள். ஏழு படகுகள், ஒரு படகில் இரண்டே பேர். எஞ்சினைப் போடக்கூடாது. வழியில் யாரிடமாவது உதவி வாங்கினால் பந்தயத்திலிருந்து நீக்கிவிடுவார்கள். துணைக்கு ஒரு கப்பல் பின்னால் வரும். காலையிலும் சாயங்காலமும் அதற்கு ரேடியோவில் நிலவரம் சொல்ல வேண்டும். சாரோடு போக இருந்த நண்பருக்குப் பத்து நாள் முன்னால் மஞ்சள் காமாலை வந்தது. சார் நேராக நான் படகு கழுவும் இடத்துக்கு வந்தார்.

"நீ வர்றியா தம்பி?"

"பாஸ்போர்ட்லாம் வோணுமா சார்?"

"அந்தமான் நம்ம நாடுதான் தம்பி."

வீட்டில் சொன்னபோது என் மனைவி மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"இன்ஜின் இல்லியா அதுல?"

"கீது. போடக்கூடாது."

"கீறத போடக்கூடாதா? இன்னா பந்தயம்யா இது?"

எனக்குப் போக ஆசையாக இருந்தது. இரண்டு வருடமாகக் கழுவிய படகை ஒரு தடவையாவது ஓட்ட வேண்டும் என்று இருந்தது. ஜெயிக்க வேண்டும் என்றும் இருந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நடந்ததற்கெல்லாம் சார் மட்டும் காரணமில்லை.

பிப்ரவரி மாதம் ஒரு நடுப்பகலில் கிளம்பினோம். நல்ல வாடைக் காற்று. கரை மறையும்வரை 'தம்பி'யாக இருந்தவன் அதற்குப் பிறகு 'டேய்' ஆனேன். அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் கட்டுமரத்திலும் அப்பா கரையில் ஒரு மாதிரி, கடலில் வேறு மாதிரிதான் பேசுவார். மூன்று மணி நேரம் அவர் சுக்கான், மூன்று மணி நேரம் நான். சார் நன்றாகவே ஓட்டினார். வரைபடமும் கருவியும் பார்த்து வழி சொன்னார். காற்று எப்போது திரும்பும் என்று நான் சொன்னேன். முதல் நாள் சாயங்காலம் மூன்றாவது இடத்தில் இருக்கிறோம் என்று ரேடியோவில் தெரிந்தது. அவரே டீ போட்டு எனக்கு ஒரு டம்ளர் கொடுத்தார்.

"என் கூடப்பொறந்த தம்பி இந்த மாதிரி ரேஸ்ல ரெண்டு தடவ கப் வாங்கிட்டான். நான் ஒண்ணுகூட வாங்கல. வீட்ல ஷெல்ஃப்ல பாத்தா அவன் பேருதான்" என்றார்.

இரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும். காற்று ஏறியது. முன்பாயின் கயிறு ஓர் இரும்பு உருளையில் சுற்றியிருக்கும், வின்ச் என்பார்கள். "லூஸ் பண்ணு" என்றார் சார். நான் தளர்த்திக்கொண்டிருக்கும்போதே, சொல்லாமல் சுக்கானைத் திருப்பிவிட்டார். பாய் முழுக் காற்றையும் வாங்கியது. கயிறு வெடுக்கென்று இழுக்க, என் இடது கையின் மோதிர விரலும் சுண்டு விரலும் கயிற்றுக்கும் உருளைக்கும் நடுவே போய்விட்டன. நான் கத்தினேன். சார் நிமிர்ந்து முதலில் பாயைப் பார்த்தார். அது கிழியவில்லை என்று தெரிந்த பிறகுதான் என்னைப் பார்த்தார்.

கயிற்றை விடுவித்தபோது விரல்கள் இருந்தன. ஆனால் விரல் மாதிரி இல்லை. சுண்டு விரலில் எலும்பு வெளியே தெரிந்தது. சார் மருந்துப் பெட்டியை எடுத்து வந்து, கடல் தண்ணீரில் கழுவி, இறுக்கிக் கட்டினார். இரண்டு வலி மாத்திரை கொடுத்தார்.

"சார், அந்தக் கப்பல்ல டாக்டர் கீறாரு இல்ல?"

"இருக்காரு. அதுல ஏறினா நம்ம ரேஸ் முடிஞ்சுது."

நான் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டேன். அவரே மறுபடி பேசினார்.

"ரெண்டு விரல்தானடா. உங்க குப்பத்துலயே விரல் இல்லாம எத்தன பேரு மீன் புடிக்கிறான்? நாலு நாள் பொறுத்துக்கோ."

சாயங்காலம் ரேடியோவில் கப்பல்காரர்கள் கேட்டார்கள். சார் என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்: "ஆல் வெல். போத் க்ரூ ஃபிட்." அந்த அளவு இங்கிலீஷ் எனக்குப் புரியும். அது அவருக்கும் தெரியும்.

மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது. கையில் போட்ட கட்டு நாற ஆரம்பித்தது. என் முறை வந்தால் சார் காலால் விலாவைத் தட்டி எழுப்புவார். ஒரு கையால் மூன்று மணி நேரம் சுக்கான் பிடிப்பேன். அவர் நல்லபடியாகத் தூங்கி எழுந்து, பிஸ்கட்டைப் பிரித்து எனக்குப் பாதி கொடுப்பார். அந்தப் பாதியை நான் வாங்கித் தின்றதை நினைத்தால் இப்போதும் கோபம் வருகிறது.

நான்காம் நாள் மதியம் வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு சார் உள்ளறைக்குப் படி இறங்கினார். பக்கவாட்டில் ஓர் அலை மோதியது. அவர் தலைகுப்புற உள்ளே விழுந்தார். ஒரு கால் படிக்கட்டில் மாட்டி முறுக்கிக்கொண்டது. அப்படி ஒரு அலறலை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சுக்கான் என் கையில். நானும் முதலில் பாயைத்தான் பார்த்தேன்.

சுக்கானைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கினேன். தொடை வீங்கிக்கொண்டிருந்தது. பாதம் தப்பான பக்கம் திரும்பியிருந்தது. காலை நேராக்கி, இரண்டு பலகை வைத்துக் கட்டி, தரையிலேயே படுக்க வைத்தேன். வலி மாத்திரை இரண்டே இரண்டுதான் மிச்சமிருந்தது. ஒன்றை அவருக்குக் கொடுத்தேன். ஒன்றை நான் போட்டுக்கொண்டேன்.

"ரேடியோல கூப்புடு. எமர்ஜென்சின்னு சொல்லு. கப்பல் வந்துரும்."

"சாயங்காலம் அவங்களே கூப்புடுவாங்க சார்."

சாயங்காலம் கூப்பிட்டார்கள். நான் மைக்கை எடுத்தேன். சார் தரையில் கிடந்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். என்ன சொல்லப் போகிறேன் என்று அந்த நிமிடம்வரை எனக்கே தெரியாது என்று பல தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டிருக்கிறேன். அது பொய். மதியத்திலிருந்தே அந்த வார்த்தைகளை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"ஆல் வெல். போத் க்ரூ ஃபிட்."

கேப்டன் ஏன் பேசவில்லை என்று கேட்டார்கள். தூங்குகிறார் என்றேன்.

"டேய், நீ மனுஷனாடா?" என்றார் சார்.

"ரேஸ் சார்" என்றேன்.

அதற்குப் பிறகு நாற்பது மணி நேரம் அந்தப் படகு என்னுடையதாக இருந்தது. மறுநாள் ரேடியோவிலும் இரண்டு வேளையும் அதே வார்த்தைகளைத்தான் சொன்னேன். காய்ச்சலோடு, ஒரு கையோடு, உட்கார்ந்தபடியே பத்துப் பத்து நிமிடம் தூங்கி ஓட்டினேன். பாயில் எவ்வளவு காற்று தாங்கும், அலையில் எந்தக் கோணத்தில் ஏற வேண்டும், எல்லாம் என் இஷ்டம். நான் பிறந்ததிலிருந்து அவ்வளவு நன்றாக எதையும் செய்ததில்லை. உள்ளே அவர் முனகுவார். வாந்தி எடுத்தார். எழுந்திருக்க முடியாமல் படுத்த இடத்திலேயே ஒன்றுக்குப் போனார். கழுவிவிட ஒரு வாளி தண்ணீர் போதும். நான் போகவில்லை. தினமும் அந்தப் படகைக் கழுவியவன் நான்.

ஐந்தாம் நாள் பகலில் எங்களுக்கு முன்னால் ஒரு பாய் தெரிந்தது. இரண்டாவது இடத்தில் இருந்த படகு. மெதுவாக நெருங்கினோம். ஒரு கட்டத்தில் குரல் கொடுத்தால் கேட்கிற தூரம். அதிலிருந்த இரண்டு பேரும் கை ஆட்டினார்கள். உள்ளே சார் கத்த ஆரம்பித்தார். "ஹெல்ப்! ஹெல்ப்!" இவ்வளவு தெம்பு அவருக்குள் எங்கே இருந்தது என்று திகைப்பாக இருந்தது. நான் குனிந்து உள்ளறையின் கதவுப் பலகையை இழுத்து மூடினேன். பிறகு நிமிர்ந்து, நல்ல கையை உயர்த்தி ஆட்டினேன். கட்டுப் போட்ட கையை முதுகுக்குப் பின்னால் வைத்திருந்தேன்.

அரை மணி நேரம் கழித்து, அந்தப் பாய் பின்னால் சிறுத்த பிறகு, பலகையைத் திறந்தேன். உள்ளே அடுப்பு மாதிரி வெந்தது. அவர் கத்துவதை நிறுத்தியிருந்தார். கண் திறந்திருந்தது, அழுதுகொண்டிருந்தார்.

ஆறாம் நாள் காலை இரண்டாவதாகப் போய்ச் சேர்ந்தோம். ஸ்ட்ரெச்சரில் ஏற்றும்போது, எப்போது விழுந்தார் என்று ஒருவர் கேட்டார்.

"இன்னிக்குக் காலைல" என்றார் சார். பிறகு என்னைக் காட்டி, "இவன் இல்லன்னா நான் வந்திருக்கவே முடியாது" என்றார்.

சுற்றியிருந்தவர்கள் கை தட்டினார்கள். என்னைக் காட்டிக் கொடுத்தால் அவரும் மாட்டிக்கொள்வார், இரண்டாம் பரிசுக் கோப்பையும் போய்விடும் என்பதால் சொன்னாரா, இல்லை வேறு ஏதாவதா, எனக்குத் தெரியவில்லை. அவர் முகத்தில் ஒன்றும் இல்லை.

அங்கே ஆஸ்பத்திரியில் என் இரண்டு விரலையும் எடுத்தார்கள். இரண்டு நாள் முன்னால் வந்திருந்தால் மோதிர விரலைக் காப்பாற்றியிருக்கலாம் என்றார் டாக்டர். சாருக்குச் சென்னையில் ஆபரேஷன் நடந்து, தொடைக்குள் கம்பி வைத்தார்கள். ஐந்தாறு மாதத்தில் தடியில்லாமல் நடந்து கிளப்புக்கு வந்தார். அதற்குள் கிளப் மேனேஜர் என்னை வேலையிலிருந்து நிறுத்தியிருந்தார். மூன்று விரல் கையால் கயிறு பிடிக்க முடியாதாம். சார் எனக்காக ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் போய்க் கேட்கவில்லை. அடுத்த வருடம் வேறு ஒருவனைக் கூட்டிக்கொண்டு மறுபடி பந்தயத்துக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன்.

காசிமேட்டில் ஐஸ் உடைக்கும் இடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஐஸ் கட்டியைத் தூக்கினால் வெட்டிய இடத்தில் சுரீரென்று வலி ஏறும். அப்போதெல்லாம் என் மனைவி அவரைத் திட்டுவாள். "கட்டைல போறவன், என் புருஷன் கைய தின்னுட்டான்" என்று மார்க்கெட்டில் எல்லோரிடமும் சொல்வாள். நான் அவளிடம் என் விரல் போன கதையை மட்டும்தான் சொல்லியிருந்தேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், சாப்பிட்டு உட்கார்ந்திருந்தபோது மிச்சத்தையும் சொன்னேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று தெரியாது. ரேடியோவில் சொன்னது, பலகையை மூடியது, எல்லாம். அவளுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்தேனோ என்னவோ.

அவள் என் பக்கம் திரும்பினாள்.

"தண்ணியாவது குட்த்தியா?"

"குட்த்தேன்."

"அந்தாளு கேட்டப்பவா? உனுக்குத் தோணுனப்பவா?"

"எனுக்குத் தோணுனப்ப."

அவள் எழுந்து, என் தட்டையும் தன் தட்டையும் எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனாள். அன்றைக்குப் பிறகு அவள் அவரைத் திட்டியதில்லை. அதுவரை என் கை வலித்தால் எண்ணெய் தேய்த்துவிடுவாள், அதையும் நிறுத்திவிட்டாள்.