அறவியல் வகுப்புக்கு எந்த மொழி

"எந்தெந்தப் பாடம் எடுக்கப் போற, பெரிஸாத்?" என்று உல்கான் கேட்டது பல்கலைக்கழக உணவகத்தில். தட்டில் இறைச்சி வைத்துச் சுட்ட சம்சா ஒரே ஒன்று. அதைப் பிய்த்துப் பெரிய பாதியைப் பெரிஸாத்தின் பக்கம் தள்ளிவிட்டுத்தான் கேட்டாள்.

"தர்க்கம். அப்புறம் கிரேக்கத் தத்துவம்."

"தர்க்கமா? அதுல தலை உடையும்டி."

"தலை இருக்கறவங்களுக்கு."

உல்கான் சிரித்தாள். அவளுக்குக் கோபமே வராது. பெரிஸாத்துக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

"சாயிரா எஜேயோட அறவியல்?"

"இன்னும் யோசிக்கல" என்றாள் பெரிஸாத். கோடை விடுமுறை முழுக்க அவள் யோசித்தது அதைத்தான். எஜே என்றால் அக்கா; பேராசிரியர் சாயிராவை மாணவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்.

"நான் அத மட்டும்தான் யோசிச்சேன். மத்ததெல்லாம் மத்தியானம் எது இருக்கோ அது. காலையில கடைக்குப் போகணும்ல."

"தத்துவத்த சந்தை நேரம் பாத்து எடுக்கற ஆளு நீ ஒருத்திதான்."

"சந்தையில தத்துவம் இல்லையா? நேத்து ஒரு அம்மா ஒத்தக் காலுறை கேட்டா. எதுக்குன்னேன். இன்னொண்ணு வீட்ல இருக்காம். மிச்சமா நிக்கப் போற ஒண்ண நான் யார் தலையில கட்டறது? அது இனிமே காலுறையா, வெறும் துணியா? ராத்திரி பூரா அதே யோசனை."

பெரிஸாத் தேநீரைக் கலக்கினாள். இப்படி ஒரு கேள்வி தனக்கு ஏன் வந்ததேயில்லை என்று நினைத்தாள். சம்சாவின் பெரிய பாதியைத் தட்டுக்கே திருப்பி வைத்தாள்.

உல்கான் மலையூரான நாரினிலிருந்து தாயோடு தலைநகர் பிஷ்கேக்குக்கு வந்தவள். தொர்தோய் சந்தையில் ஆள் நுழையும் இரும்புச் சரக்குப் பெட்டி ஒன்றையே கடையாக்கி அவர்கள் காலுறை விற்றார்கள். குளிர்காலத்தில் அவள் வகுப்புக்குள் நுழைந்தால் கன்னம் வெடித்திருக்கும், கோட்டில் இரும்பு வாசனை அடிக்கும். படித்தது கிர்கிஸ் பள்ளியில். ரஷ்ய மொழி அவளுக்குச் சந்தையில் வந்தது. விலை, அளவு, நிறம், சண்டை எல்லாம் சரளமாக வரும். அதற்கு மேல் வராது.

பெரிஸாத்துக்கு வீட்டில் கிர்கிஸ், பள்ளியில் ரஷ்யன். இரண்டிலும் பிழையில்லாமல் எழுதுவாள். இரண்டாம் ஆண்டில் சாயிரா எஜே கிர்கிஸில் நடத்திய வகுப்பில் அவள் சொன்ன பதில்கள் எல்லாமே சரி. எஜே தலையசைத்து அடுத்தவரிடம் போய்விடுவார். உல்கான் வாயைத் திறந்தால் மட்டும் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்.

அந்த நாற்காலி பெரிஸாத்தின் நெஞ்சிலேயே இழுபட்டது. ஒவ்வோர் ஆண்டும் எஜே ஒரே ஒரு மாணவருக்குத்தான் ஆய்வு வழிகாட்டுவார். அந்த ஒருவரை மூன்றாம் ஆண்டு அறவியல் வகுப்பில் தேர்ந்தெடுப்பார் என்பது துறைக்கே தெரியும்.

அந்த வகுப்பை இரண்டு மொழியில் நடத்த ஆள் போதாது. அதனால் துறையின் கதவில் கிர்கிஸ் என்றும் ரஷ்யன் என்றும் தாளை இரண்டாகப் பிரித்து ஒட்டுவார்கள். எந்தப் பக்கம் பெயர்கள் அதிகமோ அந்த மொழியில் வகுப்பு நடக்கும். மற்றவர்கள் திண்டாட வேண்டியதுதான். நடுவில் மொழி மாற்றக் கூடாது என்பதில் துறைத் தலைவர் கண்டிப்பானவர்.

பெயர் எழுதக் கடைசி நாள் மாலை பெரிஸாத் போய்ப் பார்த்தபோது இரண்டு பக்கமும் சமமாக நின்றன. கிர்கிஸ் பக்கத்தில் முதல் பெயர் உல்கான். பெரிஸாத் தாழ்வாரத்தை இருபுறமும் பார்த்துவிட்டு ரஷ்யப் பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.

நினைத்தது நடந்தது; அந்த ஒரு பெயரால் வகுப்பு ரஷ்யனுக்குப் போனது. உல்கான் பின் வரிசையில், சன்னலோரம், வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். இறந்துபோனவருக்குக் கொடுத்த வாக்கை மீறினால் யாருக்கு இழப்பு என்று எஜே ஒரு நாள் கேட்டார். பெரிஸாத் நல்ல ரஷ்யனில் நீளமாகப் பதில் சொன்னாள்.

"சரி" என்றார் எஜே. பிறகு பின் வரிசையைப் பார்த்தார். "உல்கான்?"

உல்கான் எழுந்து ஒரு சொல்லைத் தொடங்கினாள், விட்டாள். இன்னொன்றைத் தொடங்கினாள். யாரோ இருமினார்கள். எஜே கைக்கடிகாரத்தைப் பார்க்கவில்லை, உதவிக்கும் போகவில்லை. சாக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கடைசியில் உல்கான் "தெரியல" என்று உட்கார்ந்த பிறகும் கொஞ்சம் காத்திருந்தார்.

பெரிஸாத் பேனாவை மூடினாள். தனக்காக ஒருவரும் அப்படிக் காத்திருந்ததில்லை. தன்னிடம்தான் பதில் எப்போதும் தயாராக இருந்ததே. உல்கானின் வாயை அடைத்தாயிற்று; ஆனால் அந்த மௌனத்துக்குக்கூட எஜேயிடம் ஓர் இடம் இருந்தது.

வகுப்பு முடிந்ததும் உல்கான் அவளைப் படிக்கட்டில் பிடித்துக்கொண்டாள்.

"பெரி, நீ ரஷ்யப் பக்கம் எழுதினத பாத்தேன். மறுநாளே பாத்தேன்."

பெரிஸாத்தின் காதுமடல் சுட்டது. "என் வசதிக்கு எழுதினேன்."

"நானும் என் வசதிக்குத்தான் கிர்கிஸ் பக்கம் எழுதினேன். சண்டைக்கு வரல. சண்டைன்னா எனக்கு ரஷ்யனே நல்லா வரும்."

பெரிஸாத் சிரிக்கவில்லை. "பின்ன என்ன வேணும்?"

உல்கான் தோள்பையை ஒரு தோளிலிருந்து மறு தோளுக்கு மாற்றினாள்.

"அடுத்த வகுப்புலேர்ந்து என் பக்கத்துல உக்காரு. எஜே சொல்றத என் காதுல கிர்கிஸ்ல சொல்லு. நான் சொல்றத எழுந்து நின்னு ரஷ்யன்ல எஜேகிட்ட சொல்லு. ஆனா அழகு பண்ணிடாத, பெரி. நான் சொன்ன மாதிரியே சொல்லு."